கண்ணாடிக்காரர்களின் பழக்கம்

எங்கள் தொழிலில் ஒரு ஆள் எப்படி வேலை செய்வார் என்பதை அவர் வேலையைத் தொடுவதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் போதும். இங்கே இருப்பது இரண்டுதான். ஒன்று பழையது, சிவப்புச் செங்கல் கட்டடம். இன்னொன்று பின்னால் வந்தது, முகப்பு முழுக்கக் கண்ணாடி. எனவே அதில் படித்தவர் செங்கல், இதில் படித்தவர் கண்ணாடி. செங்கல் கணக்கில் புலி, ஆனால் வாயில் கொழுக்கட்டை. கண்ணாடி வாயாலேயே நாலு மாடி கட்டிவிடும், ஆனால் அவசரத்துக்குக் கை கொடுக்கும். செங்கல் வேலையை விட்டுப் போகாது, கண்ணாடி நல்ல இடம் கிடைத்தால் நிற்காது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் கட்டட வடிவமைப்பு ஆபீஸ் எதற்குள் போனாலும் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குக்கூட இது மனப்பாடம்.

நான் செங்கல். என் வீட்டுக்காரர் கண்ணாடி. இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்துப் பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். அந்த ஆபீஸை ஒரு மத்தியானம் மூடிவிட்டார்கள். நாற்காலியைக்கூட உள்ளே தள்ளாமல் எல்லோரும் எழுந்து வந்தோம். அன்றைக்கு எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி ஒரு மரமரப்பு. அதோடேயே சமைத்தேன், துவைத்தேன், வேலைக்கு விண்ணப்பம் போட்டேன், பதில் வராததைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்கினேன்.

பிறகு ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது, இரண்டு பேருக்கும். இருக்கும் வேலை ஒன்று.

அந்த ஆபீஸின் தலைமைப் பொறியாளருக்குத் தராசு என்று பட்டப்பெயர். அவர் செங்கலும் இல்லை, கண்ணாடியும் இல்லை, எங்கோ வெளியூரில் படித்தவர். ஆகவே தனக்கு இரண்டும் சமம் என்று சொல்லிக்கொள்வார். அவர் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சுற்றுக்கு ஒரு செங்கலையும் ஒரு கண்ணாடியையும் கூப்பிட்டு, பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்து, ஒரு வாரம் ஒரே வேலையைக் கொடுப்பார். யார் எப்படிச் செய்கிறார்கள் என்று நடந்துகொண்டே பார்ப்பார். வாரக் கடைசியில் ஒருவரை வைத்துக்கொள்வார். அந்த வாரத்துக்கான செங்கல் நான், கண்ணாடி என் வீட்டுக்காரர். நாங்கள் கணவன் மனைவி என்பது அவருக்குத் தெரியாது. நான் விண்ணப்பத்தில் என் அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன், அது எப்போதும் கொடுக்கிற முகவரிதான், ஒளிப்பதற்காக அல்ல. ஆனால் அங்கே வேலை செய்யும் பழைய நண்பர் ஒருவர், சொந்தக்காரர்களைத் தராசு போட்டிக்கே எடுக்க மாட்டார், தெரிந்தால் இரண்டு பேரையும் கழித்துவிடுவார் என்று சொன்னதும், ஒளிப்பதற்கென்றே ஆகிவிட்டது.

முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து என் வீட்டுக்காரர் ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். இவ்வளவு நாள் சேர்ந்து வேலை பார்த்ததில் எங்கள் இருவருக்கும் பழக்கமெல்லாம் ஒன்றாகிவிட்டது. அவர் சரிபார்த்த இடத்தில் பச்சைப் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார், அது எனக்கும் தொற்றிக்கொண்டது. கம்பிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடும் முன் தாளின் ஓரத்தில் கையால் போட்டுப் பார்ப்பார், நானும் அப்படியே. நான் டிராயிங்கைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பேன், அவரும் அப்படியே. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒன்றுபோலச் செய்தால் தராசு கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

தலைகீழாகத் திருப்புவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் வரைந்ததைப் பெரிய தாளில் அச்செடுத்துத்தான் எங்கள் தொழிலில் சரிபார்ப்போம். கல்யாணமான புதிதில் அவர் ஒரு டிராயிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து இதே மேஜையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்குப் படம் தலைகீழாகத் தெரிந்தது. எழுத்தைப் படிக்க முடியவில்லை, கோடு மட்டும்தான் தெரிந்தது. ஒரு இடத்தில் கோடு இல்லை. தளத்தைத் தாங்கும் பீமின் பெயரும் அளவும் அழகாக எழுதியிருக்கிறது, பீமைத்தான் காணோம். நேராகப் பார்க்கிற கண் எழுத்தைப் படித்ததுமே பீம் இருக்கிறது என்று நம்பித் தாண்டிப் போய்விடுகிறது. அன்றைக்கு அவர் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எந்தத் தாளையும் திருப்பாமல் நான் விட்டதில்லை.

"பிரிச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். "பச்சைப் பென்சிலும் கைக்கணக்கும் நீ வச்சுக்கோ. திருப்பிப் பாக்கறதை நான் எடுத்துக்கறேன். ரெண்டுக்கு ஒண்ணு, உனக்குத்தான் லாபம்."

அது என்னுடையது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. இருந்தாலும் சரி என்றேன். பாத்திரத்தைப் பங்கு பிரிக்கிற மாதிரி பழக்கத்தைப் பங்கு பிரித்துவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் வேறு வேறு பஸ்ஸில் போனோம். வரவேற்பில் நான் உட்கார்ந்திருந்தபோது அவர் உள்ளே வந்து, எனக்கு வணக்கம் சொல்லி, எந்த யுனிவர்சிட்டி என்று விசாரித்தார். காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் நான். செங்கல் என்றேன். ரொம்ப நல்ல யுனிவர்சிட்டி என்று பாராட்டினார். அந்த வாரம் முழுக்க என்னை அவர் மேடம் என்றார், நான் அவரை சார் என்றேன். ஒருமுறை மறந்து, "என்னங்க, அந்த ஸ்கேலை எடுங்க" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் பக்கத்தில் போன பியூனையும் "என்னங்க, டீ வருமாங்க?" என்று கேட்டுச் சமாளித்தேன். பியூன் அதற்குப் பிறகு எனக்கு மட்டும் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

தராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் முதுகுப் பக்கமாக நடப்பார். பெரிய படிப்பு படித்தவர், கெட்ட மனிதரும் இல்லை. ஆனால் பார்க்கும் முன்பே பார்த்து முடித்துவிடுகிறவர். என் தாளில் இருந்த பச்சைப் புள்ளிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, செங்கல் என்றால் இந்த ஒழுங்குதான், புள்ளி வைக்காமல் நகர மாட்டார்கள் என்றார். கையால் போட்ட கணக்கைப் பார்த்து, பழைய பல்கலைக்கழகம் பழைய பல்கலைக்கழகம்தான் என்றார். இரண்டும் என் வீட்டுக்காரர் கண்ணாடியிலிருந்து கொண்டுவந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. மரத்துப்போன பிறகு வந்த முதல் சிரிப்பு, அதனால் நினைவிருக்கிறது.

மூன்றாவது டிராயிங் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். இரண்டு பேர் மேஜையிலும் அதே தாள். பாதி நாள் பார்த்து முடித்தேன். கம்பியில் இரண்டு தப்பு, தூணில் ஒன்று. அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மேல்தளத்துத் தாளில் ஏதோ நெருடியது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்த பிறகு அடுப்பை அணைத்தோமா என்று நெருடுமே, அந்த மாதிரி. என் கை தானாகத் தாளின் மூலைக்குப் போய்விட்டது. திருப்ப ஒரு நொடி ஆகாது. பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அங்கே தாள் ஏற்கெனவே தலைகீழாகக் கிடந்தது, தராசு அதன் மேல் குனிந்து நின்றார். என் வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

நான் கையை எடுத்துவிட்டேன். நேராகவே மறுபடி மறுபடி பார்த்தேன். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டேன்.

வாரக் கடைசியில் தராசு இரண்டு பேரையும் ஒன்றாகவே அறைக்குள் கூப்பிட்டார். ஒளிவுமறைவு கூடாது, முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. மேஜை மேல் பள்ளிக்கூடத்து மேல்தளம் விரித்துக் கிடந்தது. வேலையில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை என்று ஆரம்பித்தார். ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பீம் என்று எழுதியிருக்கிறது, பீம் வரையப்படவில்லை. தொட்டி நிற்பது தாங்க எதுவும் இல்லாத வெறும் ஸ்லாப் மேல், அதற்குக் கீழே வகுப்பறை. கண்ணாடி அதைப் பிடித்துவிட்டது, செங்கல் விட்டுவிட்டது.

"இதை நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன்" என்றார் தராசு. "கண்ணாடிக்காரங்கதான் டிராயிங்கைத் திருப்பிப் போட்டுப் பாப்பாங்க. அது அங்க வர்ற பழக்கம். செங்கல் எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும் எழுதினதை நம்பிடுவாங்க. என்ன தம்பி, சரிதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை நான் எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா சார். முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துடுவாங்க. எங்க புரொபசர் ஒருத்தர் இருந்தார், நேரா வச்ச தாளைக் கையாலகூடத் தொட மாட்டார்."

அப்படி ஒரு புரொபசர் கிடையாது. அந்தப் புரொபசர் இடத்தில் இருந்தவள் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கடிகாரம், காலண்டர், யாரோ கொடுத்த கேடயம். வலிக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்தது, வலிதான் வரவில்லை. தராசு என் பக்கம் திரும்பி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பல்கலைக்கழகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, கணக்கு அங்கேதான் நன்றாக வருகிறது என்று ஆறுதல் சொன்னார். நன்றி என்றேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் எல்லோர் எதிரிலும் என்னிடம் கை கொடுத்து, வேறு நல்ல இடம் கிடைக்கும் மேடம் என்றார்.

வீட்டில் மாமியார் வாசல் கதவைத் திறந்ததுமே யாருக்கு என்றுதான் கேட்டார். உங்கள் பிள்ளைக்கு என்றேன். யாருக்கானால் என்ன, வீட்டுக்குத்தானே வருகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். ஏம்மா, உனக்கு ஒன்றும் இல்லையே என்றார். இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை.

வீட்டில் அடுப்பு எரிந்தது. வாடகையைப் பற்றிய பேச்சு நின்றது. அதில் எனக்கு நிம்மதிதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் நல்ல பெயர் வாங்கினார். அந்தத் தொட்டி விஷயம் ஆபீஸ் ஆபீஸாகப் பரவியது. கொஞ்ச நாளில் தராசு அவரைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் செங்கல் பிள்ளைகளுக்கு இந்தத் திருப்பிப் பார்க்கும் வித்தையைச் சொல்லிக் கொடுங்கள் என்று ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார். வகுப்புக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் ஒரு பழைய டிராயிங்கை மேஜையில் விரித்து, என்னைக் கொஞ்சம் எதிரே உட்காரச் சொன்னார். பேசிப் பார்க்க வேண்டுமாம்.

உட்கார்ந்தேன். எழுத்தைப் படிக்கிற கண் ஏமாறும், கோட்டைப் பார்க்கிற கண் ஏமாறாது என்று ஆரம்பித்தார். அது நான் அன்றைக்குச் சொன்ன வாக்கியம். எழுத்து என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே போவதுகூட நான் நிறுத்துகிற நிறுத்தம். மாமியார் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், இது இவ சொன்னதுதானே?" என்றார். "கல்யாணமான புதுசுல நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டினியே, பாரும்மா எதிர்ல உக்காந்தே இவ கண்டுபிடிச்சுட்டான்னு."

என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"எங்க யுனிவர்சிட்டில கத்துக்கிட்டதுன்னு சொல்லியாச்சும்மா. இப்ப மாத்திச் சொன்னா நாங்க ரெண்டு பேரும் யாருன்னு சொல்லணும். வேலை போயிடும்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் கஷ்டம், சண்டை போடக்கூட ஒரு ஓட்டை இல்லை. சொல்ல வேண்டாம் என்று நானே சொன்னேன். முழுக்கப் பேசிப் பார்த்துவிட்டு, பேச்சு எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டார். நன்றாக இருந்தது, ஆனால் அந்தப் புரொபசரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மாமியார் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தார். அன்றைக்குப் படுத்த பிறகு நெஞ்சுக்குள் எங்கோ ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. மரத்த காலுக்கு ரத்தம் திரும்பினால் அப்படித்தான் இருக்கும். விடிந்ததும் அது போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கும் ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சின்ன ஆபீஸ், ஒரு கடைக்கு மேலே மாடியில். கேள்வி கேட்க மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் முதலாளி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு என் சான்றிதழைப் பார்த்து, ஓ, செங்கல் என்றார். கணக்கு வருமே என்றார். வரும் என்றேன். ஒரு டிராயிங்கை என் முன் தள்ளி, சும்மா ஒரு பார்வை பாருங்கள் என்றார்.

இங்கே நான் யாரோடும் எதையும் பங்கு பிரிக்கவில்லை. தாளின் இரண்டு மூலையையும் பிடித்துத் திருப்பினேன். வெகுநாள் கழித்துச் சொந்தச் செருப்பில் கால் நுழைத்த மாதிரி இருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண் கீழ்த்தளத்தில் இருந்தது, மேல்தளத்தில் பெயர் மட்டும் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலாளி நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது கண்ணாடிக்காரங்க பழக்கமாச்சே. இப்ப ஊரே பேசுது. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

நான் பதில் சொல்லுமுன் ஓரத்தில் இருந்தவர், வீட்டுக்காரர் என்ன வேலை என்றார். அதே வேலைதான் என்றேன். எந்த யுனிவர்சிட்டி என்றார். கண்ணாடி என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார் முதலாளி.

தராசு இங்கே இல்லை. என் வீட்டுக்காரர் வேலை செய்கிற இடத்தின் பெயரை அவர்கள் கேட்கவும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்திருந்தது.

"இல்ல சார். நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

முதலில் சிரித்தவர் ஓரத்தில் இருந்தவர். அப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள், நல்ல மனசோடு, கெடுதல் எதுவும் இல்லாமல். முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்கல் பேசாது என்று யார் சொன்னது, இந்த அம்மா நன்றாகப் பேசுகிறாரே என்றார். வீட்டுக்காரரிடம் பாடம் கேட்டதில் தப்பே இல்லை, நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான் என்று தைரியமும் சொன்னார்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என் கை இன்னும் தாளின் மூலையிலேயே இருந்தது. அதைத் திருப்பி, அவர்கள் படிக்க வசதியாக நேராக வைத்தேன்.

எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள். திங்கட்கிழமை என்றேன்.